மாப்பிள்ளைகிட்டச் சொல்லும்மா

சக்கரக் கட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார். அவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. விமான நிலையத் தரையில் மஞ்சள் கோடு தெரிந்தால் அவர் கால்கள் தாமாகவே நிற்கும், வருஷக்கணக்கான பழக்கம். கட்டில் கதவைத் தாண்டும்போது மாமியாரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி அவரை அருகே கூப்பிட்டார். இருவரும் ஆளுக்குப் பாதி தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

"அவங்க வெளியே ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. நோயாளிக்கு விசா தேவையில்லை. நீங்க யாரு?"

"கூட வந்தவன்."

"விசா?"

"இல்லை. நாங்க இந்த நாட்டுக்கு வரலை. இங்க விமானம் மாறி நான் வேலை பார்க்கிற ஊருக்குப் போறோம்."

"நோயாளிகூட ஒருத்தர் போகலாம். கணவன், மனைவி, பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க. இதுல நீங்க யாரு?"

"மருமகன். அவங்க பொண்ணைக் கட்டியவன்."

அதிகாரி திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "இந்த லிஸ்ட்ல இல்லை."

லிஸ்ட்டில் இல்லையென்றால் இல்லைதான். இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவர் மாப்பிள்ளை. வெளிநாட்டில் அவர் குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார் என்பது சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அவர் விசா மாப்பிள்ளை. விடுமுறைக்கு வந்தால் அவரைச் சுற்றி நாலு பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒரு காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, தேநீரை ஆறவிட்டு, மந்திரிசபையில் முடிவெடுக்கிற தோரணையில் பேசுவார். அவருடைய உபதேசத்தின் சாரம் ஒன்றுதான்: "யூனிபார்ம் போட்டவன் என்ன கேட்டாலும் பதில் ஒண்ணு. நல்லா இருக்கேன், நோ ப்ராப்ளம். அதுக்கு மேல வாயைத் திறந்தா வம்பு."

இந்தப் பாடத்தை மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். நேரடியாக அல்ல, மகள் மூலமாக. ஏனென்றால் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் இல்லை. பகை ஒன்றும் கிடையாது. மரியாதை. மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். மாமியார் மகளிடம், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பார். மாப்பிள்ளை மனைவியிடம், "அத்தைகிட்டப் போதும்னு சொல்லு, வயிறு வெடிச்சிடும்" என்பார். நடுவில் இருந்தவள் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், இரண்டு பக்கத்துச் செய்தியையும் காதில் வாங்காமலே தலையாட்டப் பழகிவிட்டாள். அவள் வீட்டில் இல்லாத சமயத்தில் மாமியார் ஃபிரிட்ஜிடம் பேசுவார். "வெளியில மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கிட்டா தேவலை" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். மாப்பிள்ளை குடையை எடுத்துக்கொள்வார்.

இந்தப் பயணத்தில் நடுவில் ஆளில்லை. மாமனார் போன பிறகு மாமியார் வாடகை வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, மகளோடேயே இருந்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். அழைத்துப்போக மாப்பிள்ளைதான் வந்தார். விமானத்தில் மாமியார் முன்னிருக்கையின் முதுகிடம், "தண்ணி கிடைச்சா நல்லா இருக்கும்" என்றார். முன்னிருக்கையில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்.

இறங்கியதும் மாப்பிள்ளை அடுத்த விமானத்துக்கு எந்த வாசல் என்று பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது மாமியார் நாற்காலியிலிருந்து சரிந்து, கைப்பைமேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார். பக்கத்தில் ஒரு துப்புரவுக்காரர் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்துக் கூண்டில் இருந்த தொலைபேசி அடித்தது. அதிகாரி கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். முதலில் ஒரு பெண்குரல் அந்த நாட்டு மொழியில் பேசியது. பிறகு இன்னொரு பெண்குரல், தமிழில்.

"வணக்கம் சார். நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி டாக்டர் லைன்ல இருக்காங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நீங்க சொல்றது அத்தனையும் நான் அவங்ககிட்டச் சொல்லிடுவேன். எனக்கு மட்டும்னு எதுவும் சொல்லாதீங்க."

அவள் பேசிய இடத்தில் ஒரு குக்கர் விசிலடித்தது. எங்கோ ஒரு வீட்டில் சமையலும் மொழிபெயர்ப்பும் ஒரே அடுப்பில் நடந்துகொண்டிருந்தன.

"அம்மாவுக்கு முன்னாடி இதயத்துல ஏதாவது கோளாறு இருந்துதான்னு டாக்டர் கேக்கறாங்க."

இருந்தது. போன மழைக்காலத்தில்தான் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆனால் மாமியாரின் தங்கும் அனுமதிக்கு நோய் எதுவும் இல்லையென்று எழுதிக்கொடுத்தது மாப்பிள்ளை. பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டதும் மாப்பிள்ளை. அவருடைய நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் வேறு கடைசிப் படியில் நின்றது. இப்போது வாயைத் திறந்தால் மூன்று பேருக்கும் போக இடமில்லை. எதிரே அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சொல்வது எதுவானாலும் அடுத்த நிமிடம் அவர் மொழியில் அதே ஸ்பீக்கரில் வெளிவரும். அவர் சட்டையில் பித்தளைப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன.

"பெரிசா ஒண்ணும் இல்லை," என்றார் மாப்பிள்ளை. "வயசுக்கு நல்லாத்தான் இருக்காங்க."

அந்த மொழியில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது.

"சார், பையில ஒரு டப்பா இருந்துதாம். சத்து மாத்திரைன்னு போட்டிருக்குதாம். உள்ளே பாத்தா ரெண்டு மூணு தினுசா இருக்குதாம். என்ன மாத்திரைன்னு கேக்கறாங்க."

அதுவும் அவருடைய யோசனைதான். சுங்கத்தில் பையைத் திறந்து பார்த்தால் கேள்வி வரும் என்பதால் இதய மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் அவருடைய மூளையை மெச்சிக்கொண்டார்கள்.

"சத்து மாத்திரைதான்."

குக்கர் அடங்கியிருந்தது. "சத்து மாத்திரைதானே சார்? அப்படியே சொல்லிடட்டுமா?"

"ம்."

அதன் பிறகு ஒரு மேலதிகாரி வந்தார். மருமகன் என்ற உறவை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று இருவரும் நெடுநேரம் ஆராய்ந்தார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், உதவத்தான் நினைத்தார்கள். கடைசியில் மேலதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளியின் உடைமைகளுக்குப் பொறுப்பானவர் என்று ஒரு பிரிவு இருந்தது. மாமியாரின் துணிப்பை ஒன்று இன்னும் மாப்பிள்ளையின் தோளில் தொங்கியது. அந்தப் பையின் தயவில், அதைத் தூக்கிவருகிறவர் என்ற அந்தஸ்தில், விசா மாப்பிள்ளை அந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டார்.

காவலர் ஒருவர் வேனில் கூட வந்தார். வெளியே வெயில் அடித்தது. மக்கள் சாலையைக் கடந்தார்கள், நின்றார்கள், கடந்தார்கள். மாப்பிள்ளைக்கு எதுவும் தோன்றவில்லை. வேனின் இருக்கை உறை ஓரத்தில் கிழிந்திருப்பதை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

மனைவி கூப்பிட்டாள். "அடுத்த ப்ளைட் ஏறியாச்சா? அம்மா என்ன பண்றாங்க?"

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நானும் அங்கதான் போறேன்."

"நெஞ்சா?"

"பாக்கறாங்க."

"டாக்டர்கிட்ட ஆபரேஷன் விஷயம் சொல்லிட்டீங்கதானே?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"என்னங்க, சொல்லிக்கிட்டுத்தான்னா? சொல்லிட்டீங்களா இல்லையா? இங்க பாருங்க, பெர்மிட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அம்மாவைத் திருப்பி அனுப்பினா நானும் கூடப் போயிடறேன். சொல்லிடுங்க."

"இடம் வந்திடுச்சு. வச்சிடறேன்," என்றார் மாப்பிள்ளை. இடம் வரவில்லை.

மருத்துவமனையில் மாமியாருக்குத் தனியறை கொடுத்திருந்தார்கள். வசதிக்காக அல்ல. அவர் வந்துவிட்டார், ஆனால் இன்னும் நுழையவில்லை. முத்திரை குத்தப்படாத ஒருவர் மற்றவர்களோடு படுத்திருக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் இன்னொரு காவலர் நின்றார். மார்பிலும் கையிலும் ஒயர்களும் மூக்கில் குழாயுமாகப் படுத்திருக்கும் கிழவி சட்டவிரோதமாகக் குடியேறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதைச் செய்ய அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை உள்ளே வந்ததும் மாமியார் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு நர்ஸ் தோளை அமுக்கிப் படுக்கவைத்தாள். முடியாதென்று ஆனதும், போர்வை நுனியைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

டாக்டர் ஒரு செல்போனைத் தலையணைமேல் வைத்தாள். அதே குரல்.

"அம்மா, நான் தமிழ்ல பேசறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்மா. உங்களுக்கு முன்னாடி நெஞ்சுல ஏதாவது வைத்தியம் பண்ணியிருக்காங்களா?"

மாமியார் கண்ணை ஓட்டினார். கால்மாட்டில் யூனிபார்ம் நின்றது. "நோ ப்ராப்ளம்," என்றார்.

"வலி இருக்கா?"

"நோ ப்ராப்ளம்மா."

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

பரீட்சையில் முதல் மாணவி இப்படித்தான் ஒப்பிப்பாள். டாக்டர் திரையில் ஓடும் கோடுகளையும் மாமியாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். காவலரும் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். கட்டிலில் இருப்பவரிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாய் கட்டிலின் பக்கம் திரும்ப மறுத்தது. குனிந்து போனிடம் பேசினார்.

"மேடம், அத்தைகிட்டச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லலாம்னு. மறைக்க வேணாம்னு. மாப்பிள்ளைதான் சொல்றாருன்னு சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு குழப்பம். "சார், அவங்க உங்க பக்கத்துலதானே இருக்காங்க?"

"பக்கத்துலதான். நீங்க சொல்லுங்க."

குக்கர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளுக்கும் ஒரு அம்மாவும் ஒரு புருஷனும் இருந்திருக்கலாம். "அம்மா, எல்லாத்தையும் சொல்லலாமாம். மாப்பிள்ளை சொல்றாங்க."

"மாப்பிள்ளையா சொல்றாங்க?"

"ஆமாம்மா. அங்கதான் நிக்கறாங்க."

"தெரியும்மா," என்றார் மாமியார், சுவரைப் பார்த்தபடி. "மாப்பிள்ளை சொன்னா சரி."

டாக்டர் ஏதோ கேட்டாள். தமிழிலிருந்து தமிழுக்கு என்ன மொழிபெயர்ப்பு நடக்கிறது என்று கேட்டிருப்பாள். அதற்குள் மாப்பிள்ளை மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னார்.

"டாக்டர்கிட்டச் சொல்லுங்க. போன மழைக்காலத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. டப்பாவுல இருக்கறது சத்து மாத்திரை இல்லை. ரத்தம் உறையாம இருக்கறதுக்கும் பிரஷருக்கும் குடுத்தது. டப்பாவை மாத்தச் சொன்னது நான். முன்னாடி போன்ல சொன்னது பொய். பெர்மிட் போயிடும்னு சொன்னேன்."

குரல் எல்லாவற்றையும் சொன்னது. அதில் ஒரு இடத்தில் காவலர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். டாக்டர் நர்ஸிடம் இரண்டு வார்த்தை சொல்ல, நர்ஸ் ஓடினாள்.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"முதல் ப்ளேன்ல சாப்பாடு குடுத்தாங்க பாரு, அப்பவே. கையெல்லாம் இழுத்துது. அந்தப் பொண்ணு வந்து என்னம்மான்னு கேட்டுது. யூனிபார்ம் போட்டிருந்துது. நோ ப்ராப்ளம்னு சொல்லிட்டேன்."

"பக்கத்து சீட்ல மாப்பிள்ளை இருந்திருப்பாங்களே. அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?"

இது டாக்டர் கேட்ட கேள்வி இல்லை.

"அவங்ககிட்ட நான் எப்படிம்மா பேசறது?" என்றார் மாமியார். கேட்டவள் இவ்வளவு விவரமில்லாதவளாக இருக்கிறாளே என்பதுபோல. மூச்சு வாங்கியது. "நீ மாப்பிள்ளைகிட்டச் சொல்லும்மா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. பசி தாங்க மாட்டாங்க. தலைவலி வந்திடும்."

"சார். நீங்க சாப்பிடணுமாம்."

"சாப்பிடறேன்னு சொல்லுங்க."

"சாப்பிடறாங்களாம்மா."

"அந்த டாக்டரம்மாகிட்டயும் சொல்லு. மாப்பிள்ளை மேல தப்பு ஒண்ணும் இல்லை. நான்தான் மக வீட்டுக்குப் போகணும்னு பிடிவாதம் பிடிச்சேன். அப்படியே எழுதிக்கச் சொல்லு."

அது சொல்லப்பட்டது. காவலரின் பேனா அந்தரத்தில் நின்றது. டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக் கொஞ்சம் நீளமாகவே ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"சரின்னு சொல்றாங்க சார்," என்றது குரல்.

அத்தனையையும் மொழிபெயர்த்துவிடுவேன் என்று சொன்னவள்தான். மாப்பிள்ளை மேற்கொண்டு கேட்கவில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காவலர் கூடவே ஓடினார். இரட்டைக் கதவு வரை மாப்பிள்ளையும் போனார். அங்கே கோடு எதுவும் இல்லை. இருந்தும் நின்றுவிட்டார்.

நடைக்கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. மீன்கள் இல்லை, தண்ணீரில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் அழைப்பு வந்து வந்து நின்றது. வேலைமுறை மாறிப் புது நர்ஸுகள் வந்தார்கள். ஒருத்தி பிறந்தநாள் கேக் மாதிரி ஏதோ கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுத்தாள். அவருக்கும் நீட்டினாள். அவர் தலையாட்டினார். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று புரியாமல் அவள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

டாக்டர் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நடுவில் வைத்தாள்.

"சார்," என்றது குரல். "டாக்டர் சொல்வதை அப்படியே சொல்கிறேன். எங்களால் இயன்ற எல்லா முயற்சிகளையும் செய்தோம். அவர்களுடைய இதயம் ஒத்துழைக்கவில்லை. எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

செய்தி வாசிப்பவர்களைப்போலப் பேசுகிறாளே என்று மாப்பிள்ளை நினைத்தார். சற்றுமுன்வரை வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தவள். அவருக்கு அப்போது தோன்றியது அது ஒன்றுதான்.

"நான் முதல்லயே, அந்த கவுன்ட்டர்லயே..." என்று ஆரம்பித்தார்.

டாக்டர் போனைப் பார்த்தாள்.

"இதை டாக்டர்கிட்டக் கேக்கட்டுமா சார்?" என்றாள் அவள், மெதுவாக, பழைய குரலில்.

"வேணாம்."

விமான நிலையத்து மேலதிகாரி நேரிலேயே வந்தார். கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு சின்னச் சிக்கல் என்றார். நாட்டுக்குள் நுழையாதவருக்கு நாட்டுக்குள் இறந்ததாகச் சான்றிதழ் கொடுக்க முடியாது. சான்றிதழ் இல்லாமல் உடலை அனுப்ப முடியாது. நுழையாதவர் எப்படி வெளியேறுவார்? ஆகவே முதலில் நுழைய வேண்டும். அவர் கையோடு முத்திரையைக் கொண்டுவந்திருந்தார். மாமியாரின் பாஸ்போர்ட்டை முழங்கால்மேல் விரித்து, புதுப் பக்கம் பார்த்து, மை நன்றாகப் பதியவேண்டுமென்று அழுத்திக் குத்தி, வாயால் ஊதிக் காயவைத்தார். முப்பது நாள் தங்கலாம் என்று இருந்தது. நீட்டித்துக்கொள்ளவும் வழி உண்டு. இவ்வளவு மரியாதையாக, கேள்வியே இல்லாமல், கேட்காமலே கிடைத்த விசாவை மாப்பிள்ளை தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

"உங்க விஷயம்," என்றார் மேலதிகாரி, காவலர் எழுதியிருந்த தாளைப் பார்த்து, "நீங்க போற நாட்டுக்கு நாங்க தெரிவிக்கணும். அது விதி. மன்னிக்கணும்."

"தெரிவிங்க," என்றார் மாப்பிள்ளை. அவர் எதிர்பார்த்ததைவிட அது சின்னதாக இருந்தது.

அவர் போனதும் மாப்பிள்ளை போனை எடுத்தார். மனைவி ஒரே மணியில் எடுத்தாள்.

"என்னங்க."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் இரண்டு பேருக்கும் நடுவில் வாழ்ந்தவள். சொல்லாததைக் கேட்கத் தெரியும்.

வெகுநேரம் கழித்து, "உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்றாள்.

"நேரா சொல்லலை."

"ம்."

"ஆபரேஷன் விஷயத்தை நான் முதல்ல சொல்லலை," என்றார். "கேட்டாங்க. சொல்லலை. அப்புறம்தான் சொன்னேன்."

அவள் போனை வைக்கவில்லை. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதை மூட அவள் எழவில்லை. அவரும் வைக்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடைக்கூடத்தின் கோடிவரை நடந்தார்.

அங்கே, மாமியாரைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியே, அதே காவலர் உட்கார்ந்திருந்தார். இனி யாரும் எங்கும் தப்பிப்போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வேலைநேரம் முடிய இன்னும் பாக்கி இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும், பக்கத்து நாற்காலியில் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.